‘சின்ன நாட்டு விசா’ விளம்பரங்களை இனியாவது போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் சிறுவிளம்பரப் பக்கத்தில், மணமகள் தேவை, காணி விற்பனைக்கு என்பவற்றுக்கு நடுவில், சில மாதங்களாக ஒரே மாதிரியான விளம்பரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ‘ஐரோப்பாவின் சின்ன நாடுகளுக்கு இலகு விசா, நேர்முகம் இல்லை, நூறு வீதம் உத்தரவாதம்’ என்று போட்டுக் கீழே ஒரு கைத்தொலைபேசி இலக்கம் மட்டும் இருக்கும். பெயர் இல்லை, விலாசம் இல்லை. இந்த விளம்பரங்களைப் போடுவதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இடம் தந்து உதவுங்கள்.

நான் சுன்னாகத்தில் தட்டச்சும் போட்டோப் பிரதியும் செய்யும் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, பாங்க் புத்தகம், காணி உறுதி என்று ஊரிலுள்ள கடதாசி எல்லாம் எங்கள் மெஷினுக்குள்ளால்தான் போய் வருகிறது. விசா விண்ணப்பம் நிரப்ப வருவோரும் நிறைய. அவர்களில் பலர் சுவிஸில் இருக்கும் மகளையோ மகனையோ பார்க்கப் போகும் தாய் தகப்பன்மார். சுவிஸில் அகதி அந்தஸ்தோடு இருக்கிற பிள்ளை இங்கே வர முடியாது. வந்தால் அந்த அந்தஸ்தே பறிபோகும். ஆகவே பெற்றவர்கள்தான் போக வேண்டும், இல்லையென்றால் இந்தியாவில் எங்காவது சந்திக்க வேண்டும். பேரப்பிள்ளையைத் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருக்கும் அம்மம்மாமார் எத்தனை பேர் இந்த ஊரில்! இந்த விளம்பரங்கள் அவர்களைத்தான் குறிவைக்கின்றன.

முதலில் இந்தச் ‘சின்ன நாடு’ கதையைப் பார்ப்போம். சுவிஸ் விசா கஷ்டம், ஆனால் மோல்டா, லக்சம்பேர்க், லிச்டென்ஸ்டைன் போன்ற சின்ன நாடுகளுக்கு ஆட்கள் போவது குறைவு, அங்கே சுலபமாகத் தருவார்கள், உள்ளே போய்விட்டால் ரயில் ஏறிச் சூரிச்சில் இறங்கலாம் என்பதுதான் ஏஜென்சிக்காரர் சொல்லும் கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே விசாவோடு போய் வரக்கூடிய, ஷெங்கன் என்று சொல்லும் ஐரோப்பியப் பகுதியில் இப்போது 29 நாடுகள் இருக்கின்றன. சின்னதோ பெரியதோ, குறுகிய காலப் பயணத்துக்கு 29 நாடுகளுக்கும் ஒரே விசாச் சட்டம், ஒரே மாதிரி விண்ணப்பம், ஒரே கட்டணம். ஒரு நாடு மறுத்தால் அந்த மறுப்பு எல்லாருக்கும் பொதுவான கணினிப் பதிவில் ஐந்து வருடம்வரை இருக்கும், அடுத்த நாட்டு அதிகாரி திறந்து பார்ப்பார்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதை நாங்கள் எங்கள் வசதிப்படி தெரிவு செய்யவும் முடியாது. பயணத்தின் முக்கிய நோக்கம் எந்த நாட்டில் இருக்கிறதோ, அதாவது எங்கே அதிக நாள் தங்கப் போகிறோமோ, அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் கால் வைக்கும் நாட்டிடம். பேர்ணில் மகளோடு இரண்டு மாதம் நிற்கப் போகும் தாய்க்கு அது சுவிஸ்தான், வேறு வழி இல்லை. விசா கிடைத்த பிறகு பக்கத்து நாடுகளுக்குப் போய் வருவதில் எந்தத் தவறும் இல்லை, விசா அதற்குத்தான். ஆனால் ஒரு நாட்டுக்குச் சுற்றுலா என்று பொய் சொல்லி விசா எடுத்து, அந்த நாட்டுப் பக்கமே போகாமல் வேறு நாட்டில் போய் இறங்கினால், விமான நிலையத்தில் கேள்வி வரும். ஹோட்டல் எங்கே, எத்தனை நாள், யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். அந்த இடத்திலேயே விசாவை ரத்துச் செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

லிச்டென்ஸ்டைன் என்று ஒருவர் என் கடைக்கு வந்து கேட்டார், அதனால் அதையும் சொல்கிறேன். சுவிஸுக்கும் ஒஸ்திரியாவுக்கும் இடையில் இருக்கும் அந்த நாடு வெறும் 160 சதுர கிலோமீட்டர், எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. விமான நிலையம் கிடையாது. 1924 இலிருந்து சுவிஸோடு ஒரே சுங்கப் பகுதியாக இருக்கிறது, 2011 டிசம்பரில் ஷெங்கனிலும் சேர்ந்துவிட்டது. அந்த நாட்டுக்குப் போக விசாவை எங்களுக்குத் தருவதே சுவிஸ் தூதரகம்தான்! சுவிஸ் தராது, லிச்டென்ஸ்டைன் தரும் என்று ஒருவர் காசு கேட்டால் அவருக்கு விசயம் தெரியாது, அல்லது தெரிந்துகொண்டே ஏமாற்றுகிறார்.

மற்றச் சின்ன நாடுகளும் இப்படித்தான். மொனாக்கோவுக்குப் பிரான்ஸ் வழியாகத்தான் போக வேண்டும். வத்திக்கானுக்கும் சன் மரினோவுக்கும் இத்தாலி வழி. குருநகர், பாசையூர் பக்கமிருந்து உரோமாபுரிக்கும் லூர்துக்கும் யாத்திரை போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அன்டோறா என்று ஒன்று பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் இருக்கிறது. அது ஷெங்கனுக்குள் இல்லை, அங்கேயும் விமான நிலையம் இல்லை. ஒரே தடவை மட்டும் நுழையும் விசாவோடு ஸ்பெயினிலிருந்து அன்டோறாவுக்குப் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு, திரும்பி ஸ்பெயினுக்குள் வர முடியாமல் மலை நடுவில் நிற்க வேண்டியதுதான்.

இனி, என் கடை மேசையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அளவெட்டிப் பக்கம் ஒரு அம்மா, ஆளை அடையாளம் காட்டும் எதையும் நான் எழுதப் போவதில்லை. மகள் பேர்ணில், இரண்டாவது பிள்ளை வயிற்றில். ஏஜென்சிக்காரர் ஒருவர் ஒரு சின்ன நாட்டுக்குச் சுற்றுலா என்று ஃபைல் ஒன்று கட்டிக் கொடுத்திருந்தார். மறுக்கப்பட்ட பிறகுதான் அந்த ஃபைல் என் கைக்கு வந்தது. பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். வாழ்நாளில் வீட்டுக்கு வெளியே சம்பளத்துக்கு வேலை செய்யாத அந்த அம்மா, கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்காளர் என்று ஒரு லீவுக் கடிதம். நான்கு நாள் ஹோட்டல் பதிவு, இரண்டு பேர் படுக்கும் அறை, இவர் தனியாகப் போகிறார். பாங்க் கணக்கு திறந்து மூன்று கிழமைதான், அதில் ஒரே நாளில் பெரிய தொகை ஒன்று விழுந்து கிடக்கிறது, அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மகள் என்ற பேச்சே அந்த ஃபைலில் எங்கும் இல்லை. ஐரோப்பாவில் உறவினர் யாரும் இல்லை என்று எழுதியிருந்தது.

‘எம்பசியால போன் எடுத்தவை பிள்ளை, எந்தக் கம்பனியில வேலை எண்டு கேட்டவை, நான் வீட்டிலதான் எண்டு சொன்னன்’ என்றார். அவர் சொன்னது உண்மை. பொய் சொல்லத் தெரியாத மனுசியின் கையில் ஒரு பொய்க் கட்டைக் கொடுத்து அனுப்பியவர்தான் குற்றவாளி. கொடுத்த காசில் ஒரு சதமும் திரும்பி வரவில்லை. கேட்டபோது, நீங்கள் போனில் உளறியதால்தான் விசா போனது என்று அந்த அம்மாவையே ஏசியிருக்கிறார்கள்.

அந்தக் காசைக் கட்டியதும் மகள்தான், ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவிச் சேர்த்த காசு. நான் தொலைபேசியில் மகளோடு கதைத்தேன். ‘அம்மாவைக் கூப்பிட நான் ஒரு கடிதம் எழுதினால் போதும் என்று ஒருவரும் சொல்லவில்லையே அக்கா’ என்று அழுதார். பிறகு எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதிச் சுவிஸ் தூதரகத்துக்கே விண்ணப்பித்தோம். முன்பு நடந்ததையும் மறைக்காமல் ஒரு கடிதமாக வைத்தோம். விசா கிடைத்தது. ஆனால் அதற்குள் பிள்ளை பிறந்து, முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்து விட்டது.

அந்த ஃபைலில் என்ன வைத்தோம் என்று பலர் வந்து கேட்கிறார்கள். மறைக்க ஒன்றும் இல்லை, எல்லாம் தூதரகம் வெளிப்படையாகப் போட்டிருக்கிற விசயங்கள். கடவுச்சீட்டு பத்து வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், திரும்பி வரும் திகதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டு இல்லாதவர்கள் முந்தி வவுனியாவுக்கோ கொழும்புக்கோ ஓட வேண்டியிருந்தது, 2025 செப்டெம்பரிலிருந்து யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலேயே எடுக்கலாம், அது பெரிய உதவி. விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 45 யூரோ, ஆறுக்குக் கீழே இலவசம். விண்ணப்பம் வாங்கும் நிலையத்தின் சேவைக் கட்டணம் தனி. இன்றைய மாற்று விலையில் 90 யூரோ என்பது முப்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய். விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. விண்ணப்பப் படிவத்துக்குக் காசு இல்லை, அதை விற்பவர்களிடம் வாங்காதீர்கள்.

விண்ணப்பத்தைப் பயணத் திகதிக்கு ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம், பிந்தினாலும் பயணத்துக்குப் பதினைந்து நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். முடிவு சாதாரணமாகப் பதினைந்து நாளில் வரும், சந்தேகம் இருந்தால் 45 நாள்வரை இழுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் பேரப்பிள்ளை பிறக்கும் மாதம் தெரிந்தும் கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பதற்றத்தில்தான் ஏஜென்சிக்காரரின் வாய்க்குள் போய் விழுகிறார்கள். சாவு, கடும் வருத்தம் என்றால் விதிவிலக்கு உண்டு. அவசரத்துக்கு ஆதாரமாக ஆஸ்பத்திரிக் கடிதமோ இறப்புப் பத்திரமோ காட்டினால் அந்தப் பதினைந்து நாள் கட்டுப்பாட்டைத் தளர்த்த இடமிருக்கிறது. அந்தியேட்டிக்காவது போய்ச் சேர வேண்டும் என்று தவிக்கிற சகோதரங்களுக்கு இது தெரிய வேண்டும்.

காப்புறுதி ஆகக்குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாட்டிலும் செல்லுபடியாக, அவசர வைத்தியத்துக்கும் நாடு திரும்புவதற்கும் சேர்த்து இருக்க வேண்டும். தாயின் பெயரில் மகள் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் வயது போனவர்கள் நீரிழிவு, பிரஷர் போன்ற ஏற்கெனவே உள்ள வருத்தங்களுக்கு அந்தக் காப்புறுதி காசு தருமா என்று கட்டாயம் வாசித்துப் பாருங்கள், பல காப்புறுதிகள் தருவதில்லை. விமான ரிக்கற்றுக்குப் பதிவு மட்டும் காட்டினால் போதும். விசா வர முன்பே முழுக் காசையும் கட்டி வாங்கிவிட்டுப் பிறகு கையைப் பிசைய வேண்டாம்.

செலவுக்கு, சுவிஸ் ஒரு நாளுக்கு நூறு பிராங் என்று கணக்குப் பார்க்கிறது. எங்கள் ஓய்வூதியக்காரர்களால் அதைக் காட்ட முடியாது, தூதரகத்துக்கும் அது தெரியும். அதற்குத்தான் பொறுப்புப் பத்திரம் என்ற ஒழுங்கு இருக்கிறது. தூதரகம் கேட்டால், அங்கிருக்கும் பிள்ளை அந்தப் படிவத்தைத் தன் ஊர் நகரசபையிலோ மாநில அலுவலகத்திலோ கொடுத்து, சம்பளச் சீட்டு, கடன் பாக்கி இல்லை என்ற சான்று போன்றவற்றைக் காட்டி, 30,000 பிராங்வரை நான் பொறுப்பு என்று கையெழுத்து வைக்க வேண்டும். தாய்க்கு அங்கே வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக் காசு கட்டாமல் விட்டால் அந்தப் பிள்ளையிடம்தான் வசூலிப்பார்கள். கையெழுத்து வைக்கும் பிள்ளையின் வீட்டுக்காரருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், பிறகு குடும்பத்தில் சண்டை வரக் கூடாது.

எல்லாவற்றையும்விட அதிகாரி தேடுவது ஒன்று, இந்த ஆள் திரும்பி வருவாரா என்பது. அதற்கு விடை பாங்க் கணக்கில் புதிதாக விழுந்த லட்சங்களில் இல்லை. மாதாமாதம் ஒழுங்காக வரும் ஓய்வூதியம், வீட்டில் காத்திருக்கும் கணவன், படிக்கிற கடைசிப் பிள்ளை, தோட்டக் காணி, கடையின் வியாபாரப் பதிவு, முன்பு வேறு நாட்டுக்குப் போய்த் தவணைக்குள் திரும்பி வந்த முத்திரை, இவைதான் விடை. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து மாதம் அனுப்பும் காசில்தான் வாழ்கிறோம் என்றால் அதையே சொல்லுங்கள், காசு வந்த துண்டுகளைச் சேர்த்து வையுங்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கடன் வாங்கிய காசைக் கணக்கில் போட்டுக் காட்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

எங்கள் ஆட்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. அதை எந்த ஏஜென்சிக்காரரும் கவனிப்பதில்லை. பெயர்! எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயரோ கணவன் பெயரோதான் முன்னால் நிற்கும். மகளின் சுவிஸ் வதிவிட அட்டையில் தகப்பனின் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு கணவன் பெயர் வந்திருக்கும். தாயின் கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக் கூட்டல், மகளின் பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயருக்கு வேறொரு எழுத்துக் கூட்டல். இந்த இருவரும் தாயும் பிள்ளையும்தானா என்று சுவிஸில் பிறந்து வளர்ந்த ஒரு அதிகாரிக்கு எப்படித் தெரியும்? சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போதே கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள், எழுத்து வித்தியாசத்தை அவர் குறித்து விடட்டும். அதோடு இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசியும் முடித்து வையுங்கள். போரில் பதிவுகள் அழிந்து உத்தேச வயதுச் சான்றிதழோடு வாழ்கிறவர்கள், அது ஏன் என்று இரண்டு வரி விளக்கம் எழுதினால் நல்லது. இந்த வேலைக்கு அதிக செலவு இல்லை, ஒரு கிழமைப் பொறுமை போதும்.

சரி, விசா கிடைத்துவிட்டது. அதன் பிறகும் கவனம் வேண்டும். ஒட்டியிருக்கும் விசாத் தாளில் இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதிவரை என்று ஒன்றும், தங்கக்கூடிய நாட்கள் என்று இன்னொன்றும் இருக்கும். திகதிகளுக்கு இடையிலான காலம் வழக்கமாகப் பதினைந்து நாள் கூடுதலாக இருக்கும், பயணம் முன்பின் தள்ளிப் போனால் சமாளிக்க. அந்தக் கடைசித் திகதிவரை நிற்கலாம் என்று நினைப்பது பெரிய தவறு. நாட்கள் என்ற இடத்தில் அறுபது என்றால் இறங்கிய நாளும் ஏறும் நாளும் சேர்த்து அறுபதுதான். எப்படிப் பார்த்தாலும் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் ஷெங்கனில் நிற்க முடியாது, பிள்ளைப்பேறு பார்க்க ஆறு மாதம் நிற்கப் போகிறேன் என்ற கதை இந்த விசாவில் நடக்காது. முந்தி முத்திரையைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார்கள். 2025 ஒக்டோபரிலிருந்து நுழைவையும் வெளியேற்றத்தையும் முகப்படத்தோடு கணினியில் பதிகிற முறை வந்துவிட்டது, ஒரு நாள் கூடினாலும் மெஷின் சொல்லும்.

லண்டன் விசயம் அடுத்தது. சுவிஸுக்குப் போனவர் லண்டனில் ஒரு கல்யாணம் இருக்கிறது என்றால் அதற்குப் பிரித்தானிய விசா தனியாக எடுக்க வேண்டும். ஒரு தடவை நுழையும் ஷெங்கன் விசாவோடு லண்டனுக்குப் போனால் திரும்பச் சுவிஸுக்குள் வர முடியாது, சூட்கேஸ் பேர்ணில், ஆள் லண்டனில்! விண்ணப்பிக்கும்போதே இரண்டு தடவை நுழைய வேண்டும் என்று காரணத்தோடு கேளுங்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் ஷெங்கன் நாட்டு விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே, வெளியே காலடி வைக்காவிட்டாலும், விமான நிலைய இடைத்தங்கல் விசா வேண்டும் என்ற பட்டியலில் நாங்கள் இருக்கிறோம். கனடா, அமெரிக்கா, ஜப்பான் விசா கையில் செல்லுபடியாக இருந்தால் விலக்கு உண்டு. அந்த விசாவோ ஷெங்கன் விசாவோ இல்லாதவர்கள் மலிவான ரிக்கற் என்று பிராங்போர்ட் வழியாக எடுத்துவிட்டுக் கட்டுநாயக்காவில் நின்று அழ வேண்டாம்.

அழைப்புக் கடிதம், காப்புறுதி, திரும்பும் ரிக்கற், மகளின் விலாசம், தொலைபேசி இலக்கம், எல்லாவற்றின் பிரதியும் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. விசா இருந்தாலும் எல்லையில் அதிகாரி கேட்கலாம், திருப்தி இல்லாவிட்டால் திருப்பி அனுப்பவும் முடியும்.

மறுத்துவிட்டால்? அதோடு வாழ்க்கை முடிந்தது என்று ஏஜென்சிக்காரர் பயமுறுத்துவார், இன்னும் காசு தந்தால் ‘உள்ளே ஆள் பிடித்து’ மாற்றலாம் என்பார். உள்ளே அப்படி ஆள் இருக்கிறார் என்பதை நான் நம்பவில்லை, நீங்களும் நம்பாதீர்கள். மறுப்புக் கடிதத்தில் காரணத்துக்கு எதிரே அடையாளம் இட்டிருப்பார்கள். பயண நோக்கம் நம்பும்படி இல்லை, செலவுக்கு வழி காட்டவில்லை, திரும்பி வருவீர்கள் என்பதில் சந்தேகம் என்று இருக்கும். எந்தப் பெட்டியில் அடையாளம் என்று முதலில் பாருங்கள், அதற்கான பதிலைத் தேடுங்கள். சுவிஸ் மறுத்தால் முப்பது நாளுக்குள் அங்குள்ள குடிவரவுச் செயலகத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் ஆகியவற்றில் ஒன்றில் எழுதிக் கையெழுத்திட வேண்டும், இருநூறு பிராங் முற்பணம் கட்ட வேண்டும். அங்கிருக்கும் பிள்ளைக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்தால் அவரே செய்யலாம். அதுவும் சரிவராவிட்டால் சென் காலன் நகரில் உள்ள நிர்வாக நீதிமன்றம்வரை போக உரிமை இருக்கிறது. அல்லது குறையைச் சரிசெய்துகொண்டு புதிதாக விண்ணப்பிக்கலாம், அதற்கும் தடை இல்லை. ஆனால் பொய்க் கடதாசி வைத்துப் பிடிபட்டவருக்கு அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் நம்ப வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த அளவெட்டி அம்மாவின் ஃபைலைத் திரும்பக் கட்டியபோது பார்த்தேன்.

முகவர் எல்லாருமே கள்ளர் என்று நான் சொல்லவில்லை. படிவம் நிரப்ப, திகதி எடுக்க, கொழும்புக்குக் கூட்டிப் போக உதவி செய்து நியாயமான கூலி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், ஆங்கிலம் தெரியாத, இரவு பஸ்ஸில் தனியே போய் வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கிப் பழக்கமில்லாத வயதானவர்களுக்கு அது தேவையும்கூட. ஆனால் முடிவு எடுப்பது தூதரகம் மட்டும். உத்தரவாதம் தருகிறேன் என்று சொல்லும் எவரும் தன் கையில் இல்லாத ஒன்றை விற்கிறார்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பத்திரிகையை நீங்கள் இணையத்தில் படிக்கிறீர்கள் என்று தெரியும். அம்மாவின் விசாவுக்கு என்று ஒருவருக்குக் காசு அனுப்ப முன், ஒரு மாலை உட்கார்ந்து தூதரகத்தின் பக்கத்தை நீங்களே வாசியுங்கள். ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ அங்கேயே படித்த உங்கள் பிள்ளைகள் வாசித்துச் சொல்வார்கள். அழைப்புக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். யார் வருகிறார், பிறந்த திகதி, எங்கே தங்குவார், எத்தனை நாள், ஏன் வருகிறார், செலவு யார் என்று ஒரு பக்கம் போதும், கீழே கையெழுத்து, கூட உங்கள் அட்டையின் பிரதி. அம்மாவுக்கு ஃபைலில் என்ன இருக்கிறது என்று வாசித்துக் காட்டுங்கள், போன் வந்தால் உள்ளதைச் சொல்லட்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது இரண்டு. விசா உத்தரவாதம் என்ற சொல்லோடு வரும் விளம்பரங்களை ஏற்காதீர்கள், விளம்பரதாரரின் பதிவு இலக்கமும் விலாசமும் இல்லாமல் பயண விளம்பரம் எதையும் போடாதீர்கள். விளம்பர வருமானம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் புரியும், ஆனால் ‘பேப்பரில் வந்தது’ என்ற நம்பிக்கையில்தான் எங்கள் ஆட்கள் அந்த இலக்கத்துக்கு அழைக்கிறார்கள். மற்றது, மேலே நான் எழுதியவற்றைத் தூதரகத்திடம் சரிபார்த்து, வருடத்துக்கு இரண்டு தடவையாவது அரைப் பக்கத்தில் தமிழில் போடுங்கள், கட்டணமும் விதிகளும் மாறும்போது மாற்றுங்கள். பிரதேச செயலகங்களின் அறிவித்தல் பலகையில் ஒட்டுவதற்கும் அது உதவும். தட்டச்சு வேலையை என் கடையில் காசு வாங்காமல் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
சுன்னாகம்.